மியாட்டாவுல கியர்பாக்ஸ், டிஃப் மாத்தப் போறீங்களா? காசு கொடுக்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுடுங்க

அமெரிக்காவுல இருக்கேன், 1990 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா, 1.6 இன்ஜின், அஞ்சு கியர் மேனுவல். வளைவுல ஓட்ட அவ்ளோ சுகமான வண்டி, ஆனா ஹைவேல 70 மைல் (113 கிமீ) வேகத்துல போனா இன்ஜின் 3700 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 3700 சுத்து) சுத்தும், ஒரு மணி நேரம் ஓட்டினா காதுக்குள்ள ரீங்காரம் நிக்காது. ஆறு கியர் பாக்ஸ் போட்டா சத்தம் குறையும்னு நானா முடிவு பண்ணி, பழைய ஆறு கியர் பாக்ஸ் ஒண்ணை 900 டாலருக்கு வாங்கி, ரெண்டு வாரக் கடைசி முழுக்க வண்டிக்கு அடியில படுத்து மாட்டி, ஹைவேல ஏத்தினா அதே 70 மைல்ல 3850 கிட்ட காட்டுது. குறையல, ஏறிடுச்சு. பத்து நிமிஷம் உக்காந்து பெருக்கிப் பாத்திருந்தா வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அப்புறம் டிஃப்பையும் (டிஃப்ரன்ஷியல், கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சுத்தைக் குறைச்சுப் பின் சக்கரங்களுக்குக் கொடுக்குற கியர் செட்) மாத்தித்தான் சரி பண்ணேன். நீங்களும் அப்படி அலையக் கூடாதுன்னு தான் எந்த வரிசையில செய்யணுமோ அந்த வரிசையிலயே எழுதுறேன். மியாட்டா தான் உதாரணம், ஆனா பின் சக்கர டிரைவ் ஸ்போர்ட்ஸ் கார் எதுவா இருந்தாலும் கணக்கு இதே தான்.

1. இப்ப வண்டியில என்ன இருக்குன்னு எழுதி வைங்க

மூணு எண் வேணும். ஒவ்வொரு கியரோட விகிதம், டிஃப்ரன்ஷியலோட விகிதம் (ஃபைனல் டிரைவ்னு போட்டிருக்கும்), டயர் அளவு.

என் வண்டியோட அஞ்சு கியர் பாக்ஸ் இது: முதல் கியர் 3.136, ரெண்டாவது 1.888, மூணாவது 1.330, நாலாவது 1.000, அஞ்சாவது 0.814. டிஃப் 4.30. இந்த 4.30க்கு அர்த்தம் ரொம்ப சுலபம், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து டிஃப்புக்குப் போற நீளத் தண்டு) 4.3 தடவை சுத்தினா சக்கரம் ஒரு தடவை சுத்தும். டிஃப்புக்குள்ள கிரவுன் வீல்ல (பெரிய கியர்) 43 பல்லு, பினியன்ல (அதைச் சுத்த வைக்குற சின்ன கியர்) 10 பல்லு, 43ஐ 10ஆல வகுத்தா 4.30. அதே மாதிரி 41க்கு 10ன்னா 4.10, 43க்கு 11ன்னா 3.909, 40க்கு 11ன்னா 3.636. மியாட்டாக்காரங்க வாயில அடிக்கடி வர்ற நாலு எண்ணும் இது தான்.

இதுல ஒரு பொறி இருக்கு. வருஷத்தை வச்சு "இந்த மாடல்னா இந்த விகிதம் தான்"னு நம்பிடாதீங்க. முப்பது வருஷத்துப் பழைய வண்டி, முன்னாடி வச்சிருந்தவர் எதை மாத்தினாரோ யாருக்குத் தெரியும். எண்ணிப் பாத்துடுங்க: முன் சக்கரத்துக்கு கட்டை வச்சு, பின் பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தி (வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே போகாதீங்க), நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிடுங்க. ப்ரொபெல்லர் ஷாஃப்ட்லயும் ரெண்டு சக்கரத்துலயும் சாக்பீஸால கோடு போடுங்க. ஷாஃப்ட்டைக் கையால சுத்திக்கிட்டே, இடது சக்கரம் எத்தனை சுத்து, வலது சக்கரம் எத்தனை சுத்துன்னு எண்ணி, ரெண்டையும் கூட்டிப் பாதியாக்குங்க. ஷாஃப்ட் சுத்தினதை அந்தப் பாதியால வகுத்தா வர்றது தான் உங்க விகிதம். ஷாஃப்ட் 43 சுத்துக்கு ரெண்டு சக்கரமும் சேர்த்து 20 சுத்துன்னா 4.30, 41ன்னா 4.10. நிறைய பேர் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் எண்ணிட்டு, ஓப்பன் டிஃப்ல (ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல தடையில்லாம சுத்துற வகை) பாதி எண் வந்ததும் குழம்பிப் போறாங்க. கூட்டிப் பாதியாக்கினா ஓப்பன் டிஃப்பா லிமிடெட் ஸ்லிப்பா (அந்த வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்துற வகை)ங்கற கவலையே இல்லை.

2. டயர் சுத்தளவை அளந்துடுங்க

185/60 ஆர்14 டயரோட விட்டம் கணக்குப்படி: 14 இன்ச் ரிம்னா 355.6 மிமீ, அதோட 185ல 60 சதவீதம் 111 மிமீ ரெண்டு பக்கமும், மொத்தம் 577.6 மிமீ. சுத்தளவு 1.815 மீட்டர். இது பேப்பர்ல வர்ற கணக்கு. வண்டி எடை ஏறினதும் டயர் கொஞ்சம் அமுங்கும், அதனால நிஜமா ஒரு சுத்துல போற தூரம் குறைவு. நான் டயர்ல சாக்பீஸ் கோடு போட்டு, வீட்டு முன்னாடி அஞ்சு சுத்து உருட்டி டேப் வச்சு அளந்தேன், ஒரு சுத்துக்கு 1.77 மீட்டர் வந்துச்சு. ரெண்டரை சதவீதம் குறைவு, அதாவது நிஜ ஆர்பிஎம் பேப்பர்ல வர்றதை விட அதே அளவு கூட. கீழ நான் கொடுக்குற எண்ணெல்லாம் பேப்பர் கணக்கு தான், ஒப்பிட்டுப் பாக்க அது போதும்.

டயர் மாத்தினாலும் விகிதம் மாறின மாதிரி தான்ங்கறதை மறந்துடாதீங்க. 195/50 ஆர்15 போட்டா விட்டம் 576, பழசுக்குக் கிட்டத்தட்ட சமம், பிரச்சனையே இல்லை. 195/55 ஆர்15 போட்டா 595.5, மூணு சதவீதம் பெருசு, 4.30 டிஃப் 4.17 மாதிரி நடந்துக்கும். சும்மா டயர் மட்டும் மாத்தின ஒருத்தர் "வண்டி இழுக்கல, இன்ஜின் போயிடுச்சா"ன்னு கேட்டா முதல்ல டயர் சைசைக் கேளுங்க.

3. கணக்கைப் போடுங்க

ஆர்பிஎம் = வேகம் (கிமீ) × 16.67 × கியர் விகிதம் × டிஃப் விகிதம் ÷ சுத்தளவு (மீட்டர்).

16.67 எங்க இருந்து வந்துச்சுன்னா, மணிக்கு 1 கிமீங்கறது நிமிஷத்துக்கு 16.67 மீட்டர், அவ்ளோ தான். மைல் கணக்குல பழகினவங்களுக்கு: வேகம் (மைல்) × கியர் × டிஃப் × 336 ÷ டயர் விட்டம் (இன்ச்).

100 கிமீ வேகத்துல அஞ்சாவது கியர்ல என் பழைய செட்டப்: சக்கரம் நிமிஷத்துக்கு 918 சுத்து, அதை 0.814 × 4.30 = 3.50ஆல பெருக்கினா 3215 ஆர்பிஎம். அதே பாக்ஸை வச்சுக்கிட்டு டிஃப்பை மட்டும் 4.10க்கு மாத்தினா 3065. 3.909க்கு மாத்தினா 2923. 3.636ன்னா 2718.

மத்த வண்டிக்காரங்களுக்கு இங்க ரெண்டு வார்த்தை. ஹோண்டா எஸ்2000 வச்சிருக்கீங்கன்னா ஜாக்கிரதை, அதுல டிஃப் 4.10ன்னு மட்டும் பாத்தா கணக்கு தப்பும், ஏன்னா கியர்பாக்ஸுக்குள்ளயே இன்னொரு குறைப்பு கியர் இருக்கு, முதல்ல வந்த ஏபி1ல 1.160, அப்புறம் வந்த ஏபி2ல 1.208. அதை விட்டுட்டு ஏபி1ல ஆறாவது கியருக்குப் போட்டா 100 கிமீல 2790ன்னு வரும், நிஜம் 3237. டொயோட்டா 86 மேனுவல்ல முதல்ல 4.10 தான், 2017 மாடல்ல இருந்து 4.30 ஆக்கினாங்க, கியர் எண்கள் அப்படியே தான் இருந்துச்சு, ஆறாவது 0.767, அதனால 100 கிமீல சுமார் 2670ல இருந்து 2800க்கு ஏறிச்சு. செவ்ரோலே கார்வெட் சி5 மேனுவல்ல ஆறாவது கியர் 0.50, டிஃப் 3.42, பெருக்கினா வெறும் 1.71. 70 மைல்ல 1570 ஆர்பிஎம் கிட்ட தான் சுத்தும். 5.7 லிட்டர் இன்ஜின் அந்த ஆர்பிஎம்லயே இழுத்துடும், 1.6 லிட்டரால அது முடியாது. அதனால பெரிய இன்ஜின் காரோட எண்ணைப் பாத்துட்டு உங்க சின்ன இன்ஜினுக்கும் அதே வேணும்னு ஆசைப்படாதீங்க.

4. டிஃப் மாத்தினா எது மாறும், எது மாறாதுன்னு தெளிவா புரிஞ்சுக்குங்க

இதைச் சரியா புரிஞ்சுக்காம தான் பாதிப் பேர் காசை விடுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

டிஃப் எண் பெருசானா எல்லா கியர்லயும் ஒரே சதவீதம் இழுவை கூடும், அதே சதவீதம் ஆர்பிஎம்மும் கூடும். 4.10ல இருந்து 4.30 போனா ரெண்டும் கிட்டத்தட்ட 5 சதவீதம் ஏறும். சின்னதானா ரெண்டும் இறங்கும். ஒண்ணை மட்டும் வாங்கிக்கிட்டு இன்னொண்ணை விட்டுட முடியாது.

ஆனா கியர் மாத்துறப்ப ஆர்பிஎம் எவ்ளோ விழுதுங்கறது டிஃப்பால மாறவே மாறாது. அது முழுக்க கியர்பாக்ஸ் வேலை. என் அஞ்சு கியர் பாக்ஸ்ல 7000ல முதல் கியர்ல இருந்து ரெண்டாவது போட்டா 4214க்கு விழும் (1.888 ÷ 3.136 × 7000). ரெண்டுல இருந்து மூணு 4931, மூணுல இருந்து நாலு 5263. டிஃப் 4.30 இருந்தாலும் 3.636 இருந்தாலும் இதே எண்கள் தான். இந்த 1.6 இன்ஜின் அமெரிக்க மாடல்ல 116 குதிரை சக்தி, அது வர்றது 6500ல, டார்க் (சுத்துற விசை) உச்சம் 5500ல. 4200க்கு விழுந்தா கொஞ்ச நேரம் சோம்பலா தான் இழுக்கும். "ஒண்ணுல இருந்து ரெண்டு போட்டா வண்டி செத்துப் போகுது"ங்கறது உங்க குறைன்னா, டிஃப் மாத்தி அது சரியாகாது, கியர் நெருக்கமா இருக்குற பாக்ஸ் தான் வேணும்.

இன்னொண்ணு, 0-60 மைல் நேரத்தைப் பாத்து டிஃப் தேர்ந்தெடுக்காதீங்க. 4.30ல ரெண்டாவது கியர்ல 60 மைலைத் தொடணும்னா பேப்பர் கணக்குலயே 7200 வேணும், அது தான் ரெட்லைன் (இன்ஜின் தாண்டக் கூடாத ஆர்பிஎம்). டயர் அமுங்குறதையும் சேர்த்தா 58 மைல் சொச்சத்துலயே முடிஞ்சிடும், மூணாவது போட்டாகணும். 4.10ல ரெண்டாவதுலயே 61 வரைக்கும் போயிடும். ஒரு தடவை கியர் மாத்துற நேரம் மிச்சம், அதனால இழுவை குறைஞ்ச டிஃப்ல கூட அந்த ஒரு எண் நல்லா வரலாம். ரோட்டுல ஓட்டுறப்ப அதுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

5. பாக்ஸும் டிஃப்பும் ஜோடி, ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க

நான் மாட்டிக்கிட்ட இடம் இது தான். ஆறு கியர் பாக்ஸோட எண்கள்: 3.760, 2.269, 1.645, 1.257, 1.000, 0.843. கடைசி எண்ணைப் பாருங்க, 0.843. அஞ்சு கியர் பாக்ஸோட அஞ்சாவது 0.814. ஆறாவது கியர் தான் அஞ்சாவதை விடக் குட்டை (விகிதம் பெருசு, அதனால அதே வேகத்துல ஆர்பிஎம் கூட)! கியர் எண்ணிக்கை கூடினா ஹைவே ஆர்பிஎம் குறையும்னு எந்தச் சட்டமும் இல்லை, மஸ்டா அந்த ஆறாவது கியரைக் கியர்களை நெருக்கமா வைக்கத்தான் பயன்படுத்திச்சு. 1999ல ஆறு கியர் வந்தப்ப அதுக்கு ஜோடியா 3.909 டிஃப் போட்டாங்க. நான் 4.30ஐ அப்படியே விட்டுட்டேன்.

100 கிமீல மூணு செட்டப்பையும் வரிசையா பாருங்க. அஞ்சு கியரும் 4.30ம்: 3215. ஆறு கியரும் 4.30ம்: 3330. ஆறு கியரும் 3.909ம்: 3027.

4.30ஓட ஆறு கியர் பாக்ஸ்ல முதல் கியர் ரொம்பக் குட்டை, 7000ல 47 கிமீ தான், சிக்னல்ல எடுத்ததும் ரெண்டாவது போட வேண்டியிருக்கும் (அஞ்சு கியர்ல 56 கிமீ வரைக்கும் போகும்). 3.909 போட்டதும் முதல் கியரோட மொத்த விகிதம் 14.70, பழைய அஞ்சு கியர்ல அது 13.48. அதாவது கிளம்புறப்ப முன்னை விட இழுவையும் கூட, ஹைவேல சத்தமும் குறைவு, நடுவுல கியர்களும் நெருக்கம். எனக்கு இது தான் இந்தச் சின்ன இன்ஜினுக்குச் சரியான ஜோடின்னு தோணுது. ட்ராக்ல மட்டும் ஓட்டுறவங்க 4.30ஐ வச்சுக்கலாம், ரோட்டுல தினம் ஓட்டுறவங்க வேண்டாம். டர்போ போட்டவங்க தான் 3.636 பக்கம் போகணும், சாதா 1.6க்கு அது போட்டா அஞ்சாவது கியர்ல மேடு ஏறத் திணறும்.

6. வாங்குறப்ப என்னென்ன கேக்கணும்

1.6 வண்டியோட டிஃப்ல கிரவுன் வீல் 6 இன்ச், 1994ல வந்த 1.8ல இருந்து 7 இன்ச். ரெண்டும் அப்படியே மாறாது. 7 இன்ச் டிஃப் 1.6ல போடணும்னா டிஃப், ரெண்டு ஆக்ஸில், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் மூணும் சேர்த்தே வாங்குங்க. டிஃப் மட்டும் மலிவா கிடைக்குதுன்னு வாங்கிட்டு, மிச்சத்தைத் தனித்தனியா தேடினா நேரமும் போகும் காசும் போகும். ஒரே வண்டியில இருந்து கழட்டின செட்டா வாங்குறது தான் நல்லது.

வெறும் கிரவுன் பினியன் மட்டும் வாங்கி உங்க ஹவுசிங்ல போடலாம்னு நினைச்சா, புதுசா பண்றவங்க தயவுசெஞ்சு வேண்டாம். பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) எல்லாம் ஷிம் (மெல்லிய தகடு) வச்சு நூறுல ஒரு மில்லிமீட்டர் கணக்குல செட் பண்ணணும், பல்லுல மை தடவி எங்க உரசுதுன்னு பாக்கணும். தப்பா செட் பண்ணா 60 கிமீ தாண்டினதும் ஊளையிடும், கொஞ்ச மாசத்துல பல்லே போயிடும். ஹவுசிங்கோட முழுசா வாங்குங்க.

விக்கிறவர் கிட்ட வாங்க வேண்டிய பேப்பர்: எந்த வண்டியில இருந்து கழட்டினதோ அதோட விஐஎன் (வண்டியோட அடையாள) எண், எத்தனை மைல் ஓடினது, தேதி போட்ட ரசீது, அதுல எழுத்துல "இந்த விகிதம், தப்பா இருந்தா திரும்ப எடுத்துப்போம்"ங்கற வரி. கூடவே பினியனைச் சுத்தி எண்ணிக் காட்டுற வீடியோ. எனக்கு முதல்ல ஒருத்தர் 3.909ன்னு சொல்லி அனுப்பினது எண்ணிப் பாத்தா 4.10. ரசீதுல விகிதம் எழுதியிருந்ததால தான் திருப்பி எடுத்தாங்க, அதுலயே மூணு வாரம் போச்சு. மாட்டுறதுக்கு முன்னாடி எண்ணுங்க, மாட்டினப்புறம் இல்லை.

7. செலவும் நேரமும்

எனக்கு ஆனது: ஆறு கியர் பாக்ஸ் 900 டாலர், டிஃப் ஆக்ஸில் ஷாஃப்ட் செட் 850, ஆயில் சீல் கொஞ்சம் 140, ஸ்பீடோ கியர் 35. வேலை நானும் நண்பரும் பண்ணோம். பாக்ஸுக்கு ரெண்டு வாரக் கடைசி, டிஃப்புக்கு ஒரு வாரக் கடைசி. ரெண்டையும் ஒண்ணா பண்ணியிருந்தா ஒரே தடவை வண்டியைத் தூக்கி, ஒரே தடவை ஷாஃப்ட்டைக் கழட்டி, மொத்தமா ரெண்டு வாரக் கடைசியில முடிஞ்சிருக்கும். கடையில கொடுத்தா மணிக்கணக்குல கூலி போடுவாங்க, துரு ஏறின போல்ட்டுக்கு நேரம் தனி, அதனால முன்னாடியே எழுதி வாங்கிடுங்க. பாகம் எல்லாம் கையில வந்து, எண்ணிப் பாத்து முடிச்சப்புறம் தான் வண்டியைத் தூக்கணும். தூக்கி வச்சுட்டு ஒரு சீலுக்காக ஒரு வாரம் காத்துக் கிடந்தேன்.

8. மாட்டுறப்ப கவனிக்க வேண்டியது

மியாட்டாவுல கியர்பாக்ஸையும் டிஃப்பையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் இணைக்கும். அதைக் கழட்டுறதுக்கு முன்னாடி பாக்ஸுக்கு அடியில ஜாக்கி வச்சுத் தாங்கணும், இல்லைன்னா பாக்ஸோட பின்பக்கம் கீழ தொங்கிடும். திரும்ப மாட்டுறப்ப ஒர்க்ஷாப் மேனுவல்ல சொன்ன உயரத்துக்கு அதைச் சரி பண்ணித்தான் இறுக்கணும், அதை விட்டா ஒரு குறிப்பிட்ட வேகத்துல அதிர்வு வரும், நீங்க டிஃப் கெட்டதுன்னு நினைச்சுக்கிட்டிருப்பீங்க.

ஆயில் விஷயத்துல ஒரே விதி: ஆயில் ஊத்துற போல்ட்டை முதல்ல கழட்டிப் பாருங்க, அது வந்தப்புறம் தான் கீழ இருக்குற வடிகால் போல்ட். கீழதைத் திறந்து எல்லாத்தையும் வடிச்சுட்டு மேலது கழண்டு வரலைன்னா வண்டி அங்கயே கிடக்கும். டிஃப்புக்கு ஜிஎல்-5 ஆயில் (ஜிஎல்ங்கறது கியர் ஆயில் வகை). கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, அதுல இருக்குற பித்தளை சின்க்ரோவுக்கு (கியர் உரசாம விழ உதவுற வளையம்) அது தான் பாதுகாப்பு. ரெண்டையும் மாத்தி ஊத்திடாதீங்க.

9. ஸ்பீடோமீட்டரை மறந்துடாதீங்க

இந்தத் தலைமுறை மியாட்டாவுல வேகம் காட்டுறது கியர்பாக்ஸோட பின்பக்கத்துல இருந்து போற கேபிள், சக்கரத்துல இருந்து இல்லை. 4.30 இருந்த இடத்துல 3.909 போட்டா அதே வேகத்துக்கு ஷாஃப்ட் 9 சதவீதம் குறைவா சுத்தும், மீட்டரும் 9 சதவீதம் குறைவா காட்டும். மீட்டர் 65 மைல்னு சொல்றப்ப நீங்க 71ல போயிட்டு இருப்பீங்க. போலீஸ்காரர் கிட்ட இந்தக் கணக்கைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஓடோமீட்டரும் அதே அளவு குறைவா ஏறும், நாளைக்கு வண்டியை விக்கிறப்ப அதுவும் தலைவலி. கேபிள் முனையில இருக்குற சின்ன பிளாஸ்டிக் கியரைப் புது விகிதத்துக்கு ஏத்த பல்லு எண்ணிக்கையில வாங்கிப் போட்டு, போன் ஜிபிஎஸ் வச்சு 50, 60, 70 மைல் மூணுலயும் ஒத்துப் பாருங்க. ஆறு கியர் பாக்ஸ் அடுத்த தலைமுறை வண்டியோடது, அதுல ஸ்பீடோவுக்கு எலக்ட்ரானிக் சென்சார். உங்க வண்டி கேபிளுக்கு ஏத்த பாகத்தைப் பழைய பாக்ஸ்ல இருந்து எடுத்து வச்சுக்குங்க, பழைய பாக்ஸை அவசரப்பட்டு வித்துடாதீங்க.

10. இன்சூரன்ஸ், போட்டி

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில்ல தெரிவிச்சு, பதிலைச் சேமிச்சு வைங்க. ஆட்டோகிராஸ் (கூம்பு வச்ச பாதையில நேரத்துக்கு ஓட்டுற போட்டி) ஓட்டுறவங்க விதிப் புத்தகத்தை முதல்ல படிங்க, எஸ்சிசிஏ (அமெரிக்க கார் போட்டி அமைப்பு) ஸ்ட்ரீட் பிரிவுல டிஃப் விகிதத்தை மாத்த அனுமதி இல்லை, மாத்தினா வேற பிரிவுல, இன்னும் நிறைய மாத்தின வண்டிகளோட போட்டி போடணும்.

11. முதல் 500 மைல்

பழைய டிஃப்பை முழுசா வாங்கிப் போட்டவங்களுக்குப் பெருசா எதுவும் இல்லை. புது கிரவுன் பினியன் போட்டு யாராவது செட் பண்ணிக் கொடுத்திருந்தா முதல் நாள் 15, 20 நிமிஷம் மெதுவா ஓட்டி முழுசா ஆற விடுங்க, அதையே ரெண்டு மூணு தடவை செய்யுங்க. 500 மைல் வரைக்கும் அழுத்தி மிதிக்க வேண்டாம். அப்புறம் ரெண்டு பேருமே ஆயிலை வடிச்சு வடிகால் போல்ட்டோட காந்தத்தைப் பாருங்க. சாம்பல் நிறத்துல மை மாதிரி ஒட்டியிருந்தா அது சகஜம், துடைச்சுட்டுப் புது ஆயில் ஊத்துங்க. விரல்ல குத்துற மாதிரி துண்டு துண்டா இரும்பு வந்தா அதுக்கு மேல ஒரு மைல் கூட ஓட்டாதீங்க, ரசீதை எடுத்துக்கிட்டு வித்தவரைக் கூப்பிடுங்க.